லண்டனில் ஆரம்பப் பாடசாலை இடம்: ஜனவரி 15க்கு முன்னும் ஏப்ரல் 16க்குப் பின்னும் பெற்றோர் செய்ய வேண்டியவை

இங்கிலாந்தில் ஒரு பிள்ளை தனது நான்காவது பிறந்தநாளுக்கு அடுத்து வரும் செப்டெம்பரில், ஆரம்பப் பாடசாலையின் முதல் வகுப்பான ரிசெப்ஷனில் சேரலாம். அதற்கான விண்ணப்பம் அந்த ஆண்டின் ஜனவரி 15 ஆம் திகதிக்குள் நீங்கள் வசிக்கும் பகுதியின் கவுன்சிலுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். எந்தப் பாடசாலை கிடைத்தது என்ற பதில் ஏப்ரல் 16 ஆம் திகதி, அது விடுமுறை நாளானால் அடுத்த வேலை நாளில், வரும். இந்த இரு திகதிகளுக்கும் இடையில் பெற்றோர் செய்யக்கூடியது ஏறக்குறைய எதுவுமில்லை. ஏப்ரலில் விரும்பாத பதில் வந்த பிறகு தலைமை ஆசிரியரைச் சந்திக்கவும், கவுன்சில் உறுப்பினரிடம் கடிதம் வாங்கவும் அலைகிறவர்கள், அந்த அலைச்சலில் ஒரு பங்கை முந்திய ஒக்டோபரிலும் நவம்பரிலும் செய்திருந்தால் பலன் வேறாக இருந்திருக்கும். ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி விண்ணப்பத்துக்கு முந்திய வேலையைப் பற்றியது. இங்கே சொல்லப்படும் விதிகள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் நடைமுறை வேறு.

இலங்கையில் முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்த்த அனுபவம் உள்ளவர்கள் முதலில் ஒரு விடயத்தை மனதிலிருந்து அகற்ற வேண்டும். அங்கே பெற்றோர் பழைய மாணவராக இருப்பதற்குப் புள்ளி உண்டு, நேர்முகப் பரீட்சை உண்டு, வாக்காளர் இடாப்பில் எத்தனை ஆண்டு பெயர் இருந்தது என்ற கணக்கும் உண்டு. இங்கே அரச பாடசாலைகளின் அனுமதிக்குச் சட்டபூர்வமான ஒரு விதிக்கோவை இருக்கிறது. பெற்றோரையோ பிள்ளையையோ நேர்முகம் காண்பது, நன்கொடை கேட்பது, பெற்றோரின் கல்வியையும் வருமானத்தையும் பார்த்து முன்னுரிமை தருவது எல்லாம் அந்தக் கோவையில் தடை செய்யப்பட்டவை. தலைமை ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தம் விருப்பப்படி ஒரு பிள்ளையைச் சேர்க்க அவருக்கு அதிகாரமில்லை. யாரையும் பிடிக்க வேண்டியதில்லை என்பது ஒரு வகையில் நிம்மதி. ஆனால் விதியைப் படிக்காதவருக்கு இரக்கம் காட்ட ஆளில்லை என்பதும் அதன் மறுபக்கம்.

இடத் தட்டுப்பாடு எங்கே இருக்கிறது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001 இல் ஏறத்தாழ 595,000 குழந்தைகள் பிறந்தன. 2012 இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 730,000 ஆக உயர்ந்தது. அந்தப் பிள்ளைகள் பாடசாலை வயதை அடைந்தபோது லண்டனில் கடுமையான நெருக்கடி ஏற்பட்டது. விளையாட்டுத் திடலில் தற்காலிகக் கட்டடம் வைத்து, ஓர் ஆண்டுக்கு மட்டும் மேலதிக வகுப்பு ஒன்றைத் திறக்கும் வழக்கம் அப்போது பரவியது. 'பல்ஜ் வகுப்பு' என்று இங்கே எல்லோரும் சொல்வது அதைத்தான். அதன் பின் பிறப்பு வீதம் குறைந்தது, வீட்டு வாடகை தாங்காமல் இளம் குடும்பங்கள் வெளியேறின, இன்று ஹக்னி, லாம்பெத், சதர்க் போன்ற உள் லண்டன் பகுதிகளில் பிள்ளைகள் போதாமல் பாடசாலைகளை மூடுகிறார்கள்.

அப்படியானால் தட்டுப்பாடு தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. அது இடம் மாறியிருக்கிறது. கவுன்சில் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் இடங்கள் மிஞ்சும். ஆனால் உங்கள் தெருவிலிருந்து பிள்ளையைக் கையில் பிடித்து நடத்திக் கூட்டிப் போகக்கூடிய, பெற்றோர் எல்லோரும் விரும்புகிற அந்த ஒரு பாடசாலையில் இடமில்லை. இதிலிருந்து ஒரு நடைமுறைப் பயனும் கிடைக்கிறது. பழைய பேச்சை நம்பி அயலவர்கள் ஒதுக்கிவைத்திருக்கும் பாடசாலை ஒன்று அரை மைலுக்குள் இருக்கக்கூடும். புதிய தலைமை ஆசிரியரின் கீழ் அது நன்றாக மாறியிருக்கவும் கூடும். பாடசாலைகளைப் பரிசோதிக்கும் அரச அமைப்பான ஒஃப்ஸ்டெட்டின் பரிசோதகர்கள் முழுப் பாடசாலைக்கும் ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு எழுதும் முறை 2024 செப்டெம்பரில் அரச பாடசாலைகளுக்கு நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகையால் பழைய அறிக்கையின் தலைப்பில் உள்ள சொல்லை விட்டு, உள்ளே எழுதியிருப்பதைப் படியுங்கள். இலையுதிர் தவணையில் நடக்கும் பார்வையாளர் நாள்களில் ஒரு முறையாவது நேரில் போய்ப் பாருங்கள். அதிகாலையில் கடை திறக்கவோ மாற்றுப்பணிக்கு ஓடவோ வேண்டிய பெற்றோருக்கு, காலை உணவு கொடுத்துப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வசதி அங்கே உண்டா என்பது பரிசோதகர் அறிக்கையைவிட முக்கியமாக இருக்கலாம்.

யாருக்கு முதலில் இடம்

ஒவ்வொரு பாடசாலைக்கும் ரிசெப்ஷனில் எத்தனை பிள்ளைகள் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்கும்; பெரும்பாலும் 30, 60 அல்லது 90. விண்ணப்பித்தவர்கள் அதைவிடக் கூடினால் முன்னுரிமை வரிசையின்படி இடம் தரப்படும். விசேட கல்வித் தேவைக்கான சட்டபூர்வத் திட்டத்தில் அந்தப் பாடசாலையின் பெயர் குறிப்பிடப்பட்ட பிள்ளைகளை எப்படியும் சேர்த்தாக வேண்டும். அடுத்து, அரசின் பராமரிப்பில் இருக்கும் அல்லது முன்பு இருந்த பிள்ளைகள். அதன் பின் வருவது பாடசாலைக்குப் பாடசாலை மாறும். பொதுவாக விசேட மருத்துவ அல்லது சமூகக் காரணம் உள்ளவர்கள், அங்கே ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் உடன்பிறப்புகள், சில இடங்களில் அங்கே பணிபுரிவோரின் பிள்ளைகள், இறுதியாக வீட்டிலிருந்து உள்ள தூரம்.

மருத்துவக் காரணம் என்றால் பிள்ளைக்கு ஆஸ்துமா இருக்கிறது என்ற குறிப்பு போதாது. வேறு எந்தப் பாடசாலையும் பொருந்தாது, இந்தப் பாடசாலைதான் வேண்டும் என்பதற்கான காரணத்தை மருத்துவரோ சமூக சேவையாளரோ எழுத்தில் தர வேண்டும். அந்தக் கடிதம் விண்ணப்பத்துடனேயே போக வேண்டும். உடன்பிறப்பு என்பதிலும் நம்மவர்கள் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. பெரியப்பாவின் பிள்ளையும் சின்னம்மாவின் பிள்ளையும் நமக்கு அண்ணனும் தங்கையும்தான். ஆனால் படிவம் ஒரே முகவரியில் ஒரே குடும்பமாக வாழும் சகோதரர்களை மட்டுமே கணக்கில் எடுக்கும். தந்தை வழியிலோ தாய் வழியிலோ மட்டும் ஒன்றான சகோதரர்களும் தத்தெடுத்த பிள்ளைகளும் அதில் அடங்குவர், ஒன்றுவிட்ட சகோதரர்கள் அடங்கார். மூத்த பிள்ளை இப்போது ஆறாம் ஆண்டில் இருந்து, தம்பி சேரும் செப்டெம்பருக்கு முன் பாடசாலையை விட்டுப் போய்விடுவான் என்றால் அதுவும் பொதுவாகக் கணக்கில் வராது.

இன்னொன்று: அதே பாடசாலையின் நேர்சரியில் பிள்ளை படிப்பதால் ரிசெப்ஷனில் இடம் தானாக வந்துவிடாது. நேர்சரிப் பெற்றோரும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இதை அறியாமல் ஜனவரி 15ஐத் தவறவிடுகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

தூரத்தைப் படிப்பது எப்படி

கவுன்சில்கள் ஆண்டுதோறும் வெளியிடும் ஆரம்பப் பாடசாலைக் கையேட்டில், ஒவ்வொரு பாடசாலையிலும் கடந்த ஆண்டு கடைசியாக இடம் பெற்ற பிள்ளை எவ்வளவு தூரத்தில் வசித்தது என்பது பொதுவாகக் குறிக்கப்பட்டிருக்கும். இந்த முழு வேலையிலும் மிகப் பயனுள்ள தகவல் அதுதான். அதை ஓர் ஆண்டுக்கு மட்டும் பார்த்து நம்பிவிடாமல், முந்திய மூன்று நான்கு ஆண்டுக் கையேடுகளையும் தேடி எடுத்து ஒப்பிடுங்கள். ஓர் ஆண்டு பல்ஜ் வகுப்பு திறந்திருந்தால் தூரம் திடீரென நீண்டிருக்கும்; மறு ஆண்டு அந்த வகுப்புப் பிள்ளைகளின் தம்பி தங்கைகள் வரிசையில் முன்னால் வந்து நிற்பார்கள், தூரம் சுருங்கிவிடும். 60 இடங்கள் உள்ள பாடசாலையில் 32 இடங்கள் உடன்பிறப்புகளுக்குப் போய்விட்டால், தூரத்தின் அடிப்படையில் மிஞ்சுவது 28 தான். எத்தனை உடன்பிறப்புகளை எதிர்பார்க்கிறார்கள் என்று பாடசாலை அலுவலகத்தில் கேட்டால் பலர் மனமுவந்து சொல்வார்கள்.

அளக்கும் முறையும் ஒன்றல்ல. சில இடங்களில் வீட்டிலிருந்து பாடசாலைக்கு நேர்கோட்டில் அளப்பார்கள், சில இடங்களில் பாதுகாப்பான நடைபாதை வழியாக அளப்பார்கள். பாடசாலையின் எந்த வாசலிலிருந்து அளக்கிறார்கள் என்பதும் மாறும். கைபேசி வரைபடம் காட்டும் தூரம் இவற்றில் எதனோடும் பொருந்தாது. கவுன்சிலின் இணையத்தளத்தில் அளவிடும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் மின்னஞ்சலில் கேளுங்கள். அடுக்குமாடியில் ஒரே தூரத்தில் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு ஓர் இடம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் குலுக்கல் முறைதான்.

எல்லை ஓரத்தில் வாழ்பவர்கள் கவுன்சில் எல்லையைக் கண்டு தயங்க வேண்டாம். ஒரு கவுன்சில் தன் எல்லைக்குள் வசிக்கிறார்கள் என்பதற்காக மட்டும் தன் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தர முடியாது என்று 1989 இல் கிரீனிச் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. மனர் பார்க்கில் இருப்பவர் இல்ஃபோர்ட் பக்கத்துப் பாடசாலையையும், ரூட்டிங்கில் இருப்பவர் மிச்சம் பக்கத்துப் பாடசாலையையும் தயங்காமல் எழுதலாம். ஆனால் விண்ணப்பம் உங்கள் சொந்தக் கவுன்சில் வழியாகவே போக வேண்டும்.

ஆறு வரிகளையும் நிரப்புங்கள்

லண்டனில் ஆறு பாடசாலைகள் வரை எழுதலாம். இங்கிலாந்தின் பிற பகுதிகளில் குறைந்தது மூன்று. 'முதலாவதாகப் போடாவிட்டால் அந்தப் பாடசாலை நம்மைப் பார்க்காது' என்றும், 'ஒன்றை மட்டும் எழுதினால் கட்டாயம் தர வேண்டி வரும்' என்றும் கோயில் மண்டபத்திலிருந்து பிறந்தநாள் கொண்டாட்டம் வரை சொல்லப்படுகிறது. இரண்டும் பிழை. பாடசாலைக்கு நீங்கள் அதை எத்தனையாவதாக எழுதினீர்கள் என்பதே தெரியாது. ஒவ்வொரு பாடசாலையும் தன் முன்னுரிமை விதிப்படி எல்லா விண்ணப்பங்களையும் வரிசைப்படுத்தும். உங்கள் பிள்ளைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளில் இடம் கிடைக்கும் நிலை இருந்தால், உங்கள் பட்டியலில் மேலே இருப்பது தரப்பட்டு மற்றவை வேறு பிள்ளைகளுக்கு விடுவிக்கப்படும். எனவே உண்மையாகவே விரும்பும் வரிசையில் எழுதுவதே சரியான உத்தி; மேலே ஓர் அரிய ஆசையை எழுதுவதால் கீழே உள்ள வாய்ப்பு ஒரு துளியும் குறையாது.

ஆபத்து கீழ் வரிகளில் இருக்கிறது. ஆறும் கிடைக்க முடியாத பாடசாலைகளாக இருந்தாலோ, நான்கு வரிகளை வெறுமையாக விட்டாலோ, மற்ற எல்லோருக்கும் கொடுத்த பின் எங்கே இடம் மிஞ்சியிருக்கிறதோ அதைத்தான் கவுன்சில் தரும். அது இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய இடமாகவும் இருக்கலாம். முந்திய ஆண்டுகளின் தூரத்தைப் பார்த்து, ஏறக்குறைய நிச்சயம் கிடைக்கும் என்று தெரிகிற ஒரு பாடசாலையை ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ எழுதுவது தோல்வியை ஒப்புக்கொள்வதாகாது. எந்தப் பாடசாலைக்கும் அருகில் இல்லாமல் இடைவெளியில் அகப்பட்ட தெருக்களில் வாழ்பவர்களுக்கு இது மிக மிக அவசியம்.

சமயப் பாடசாலைகளுக்குப் பொது விண்ணப்பத்தோடு மேலதிகப் படிவம் ஒன்றையும் நேரடியாகப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அதை அனுப்பாவிட்டால் சமய முன்னுரிமை கிடைக்காது. கத்தோலிக்கப் பாடசாலைகளில் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்பார்கள், பல இடங்களில் பங்குத் தந்தையின் ஒப்பமும் தேவைப்படும். பிள்ளைக்கு மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ திருமுழுக்கு நடந்திருந்தால் அந்தப் பங்கிலிருந்து பிரதி வந்து சேரக் காலம் எடுக்கும். கோடையிலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள். ஹரோவில் 2008 இல் தொடங்கிய கிருஷ்ணா அவந்தி, பிரித்தானியாவில் அரச நிதியில் இயங்கிய முதல் இந்துப் பாடசாலை. அத்தகைய பாடசாலைகளை நாடுபவர்கள் வழிபாடு, நடைமுறை பற்றிய அவர்களுடைய வரையறையை ஆண்டுதோறும் புதிதாகப் படிக்க வேண்டும், போன ஆண்டு மச்சாள் பூர்த்தி செய்த படிவத்தைப் பார்த்து எழுதக்கூடாது.

முகவரி

பிள்ளை உண்மையில் வசிக்கும் வீட்டின் முகவரிதான் எழுதப்பட வேண்டும். பாடசாலைக்குப் பக்கத்தில் அம்மம்மா இருக்கிறார், பகலில் பிள்ளையை அவரே பார்த்துக்கொள்கிறார் என்பதால் அவருடைய முகவரி பிள்ளையின் முகவரி ஆகாது. பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால், பாடசாலை நாள்களின் பெரும்பாலான இரவுகளைப் பிள்ளை எங்கே கழிக்கிறதோ அதையே வழமையாக எடுப்பார்கள். பொய்யான முகவரியால் பெற்ற இடத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. 2009 இல் ஹரோ கவுன்சில் ஒரு தாயின் மேல் மோசடிச் சட்டத்தின் கீழேயே வழக்குத் தொடுத்து, பின் அதைக் கைவிட்டது. அதற்கு முந்திய ஆண்டு பூல் நகரில் ஒரு குடும்பத்தைக் கவுன்சில் இரகசியமாகப் பின்தொடர்ந்து கண்காணித்தது. அந்தக் கண்காணிப்புச் சட்டவிரோதமானது என்று 2010 இல் விசாரணை மன்றம் தீர்த்தது. கவுன்சில் எல்லை மீறலாம், ஆனால் அதனால் பொய் முகவரி நியாயமாகிவிடாது; அந்த இடம் நியாயமாக இன்னொரு பிள்ளைக்குப் போயிருக்க வேண்டியது.

உண்மையாக வசித்தும் நிரூபிக்க முடியாமல் திண்டாடுகிறவர்கள்தான் நம்மிடையே அதிகம். அண்ணன் வீட்டின் மேல்மாடியில் குடும்பமாக இருப்பவர்களுக்குக் கவுன்சில் வரிச் சீட்டு அண்ணன் பெயரில்தான் வரும். அப்படியானால் பிள்ளைக் கொடுப்பனவுக் கடிதம், மருத்துவ நிலையப் பதிவு, வங்கிக் கடிதம், வீட்டுக்காரரின் எழுத்துமூல உறுதி ஆகியவற்றில் எவற்றை ஏற்பார்கள் என்று டிசெம்பருக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். விண்ணப்பித்த பின் வீடு மாறினால் உடனே அறிவியுங்கள்; சில வாரங்கள் வரை புதிய முகவரியைக் காலத்துக்குள் வந்த விண்ணப்பமாக ஏற்கும் வழக்கம் உண்டு.

ஏப்ரல் 16க்குப் பின்

விரும்பாத பாடசாலை வந்தாலும் முதலில் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்பதால் காத்திருப்புப் பட்டியலிலோ மேன்முறையீட்டிலோ உங்கள் நிலை பாதிக்கப்படாது. மறுத்தால் கையில் இருப்பதும் போய்விடும், வேறொன்றைத் தேடித்தரக் கவுன்சில் கடமைப்பட்டிருப்பதாகவும் எண்ண முடியாது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பொருத்தமான மிக அருகிலுள்ள பாடசாலை இரண்டு மைலுக்கு அப்பால்தான் கிடைத்தது என்றால் இலவசப் போக்குவரத்துக்கு உரிமை உண்டு. சட்டப்படி பாடசாலைக்குப் போக வேண்டிய வயது ஐந்தாவது பிறந்தநாளுக்குப் பின்வரும் தவணையில்தான் தொடங்குகிறது என்பதால், பெற்ற இடத்தை வைத்துக்கொண்டே பிள்ளையைச் சில மாதம் தாமதித்து அனுப்பவும், பகுதி நேரமாக அனுப்பவும் வழியுண்டு. ஏப்ரல் 1க்கும் ஓகஸ்ட் 31க்கும் இடையில் பிறந்த பிள்ளையை ஓர் ஆண்டு பிந்தி ரிசெப்ஷனிலேயே சேர்க்கக் கேட்கலாம். அதற்கு இணங்குவது அந்தப் பாடசாலையின் அனுமதியை முடிவு செய்யும் அமைப்பைப் பொறுத்தது.

காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதை எழுத்தில் உறுதி செய்யுங்கள். அதில் முதலில் வந்தவருக்கு முதலிடம் என்பது கிடையாது. புதிதாக ஒருவர் பாடசாலைக்குப் பக்கத்தில் குடிவந்தால், அவர் உங்களுக்கு மேலே ஏறுவார், நீங்கள் நான்கிலிருந்து ஐந்துக்கு இறங்குவீர்கள். அதைக் கண்டு யாரோ தில்லுமுல்லு செய்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். தனியார் பாடசாலைக்குப் போகிறவர்களும் வீடு மாறுகிறவர்களும் விடும் இடங்கள் மே முதல் ஜூலை வரை மெல்ல அசையும். செப்டெம்பர் முதல் வாரங்களில், வருவதாகச் சொல்லி வராத பிள்ளைகளின் இடங்கள் திறக்கும். அந்த நாள்களில் தொலைபேசியை எடுக்காமல் விடாதீர்கள்; அழைப்புக்கு ஓரிரு நாளில் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

மேன்முறையீட்டை யாரும் செய்யலாம், கட்டணமில்லை. மறுப்பு அறிவிக்கப்பட்டதிலிருந்து குறைந்தது 20 பாடசாலை நாள்கள் அவகாசம் தரப்பட வேண்டும். ஆனால் வாய்ப்பைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். ரிசெப்ஷனிலும் அடுத்த இரு ஆண்டுகளிலும் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த வரம்பு. வகுப்பில் 30 நிரம்பியிருந்தால் மேன்முறையீட்டுக் குழு உங்கள் பயணச் சிரமத்துக்காக இரங்கித் தீர்ப்பளிக்க முடியாது. உண்மையில் இன்னொரு பிள்ளையைச் சேர்த்தாலும் அந்த வரம்பு மீறப்படாது என்றோ, விதிகள் சட்டத்துக்கு மாறாக இருந்தன அல்லது பிழையாகப் பயன்படுத்தப்பட்டன, அதனால்தான் இடம் போயிற்று என்றோ, நியாயமான எந்த அமைப்பும் எடுத்திராத முடிவு இது என்றோ காட்ட வேண்டும். தூரத்தைத் தவறாக அளந்தது, உடன்பிறப்பைக் கணக்கில் எடுக்காதது போன்ற பிழைகள்தான் இங்கே வெல்லும். ஆகவே முதல் வேலையாக, உங்கள் பிள்ளைக்கு எந்த முன்னுரிமைப் பிரிவு, எத்தனை மைல் பதிவாகியிருக்கிறது, கடைசியாக இடம் பெற்ற பிள்ளையின் தூரம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பதிலில் பிழை இருந்தால் வழக்கு உங்கள் பக்கம். மூன்றாம் ஆண்டிலிருந்து மேல் வகுப்புகளுக்கு இந்த இறுக்கமான வரம்பு இல்லை. அங்கே குடும்பத்தின் தேவையையும் பாடசாலையின் சிரமத்தையும் எடைபோட்டுத் தீர்ப்பார்கள்.

இரட்டையரில் ஒருவருக்குக் கடைசி இடம் கிடைத்திருந்தால், மற்றவரை 30க்கு மேலாகச் சேர்ப்பதற்கு விதிவிலக்கு உண்டு என்பதைப் பெற்றோரே நினைவூட்ட வேண்டியிருக்கும்.

நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களும், ஆண்டின் நடுவில் வீடு மாறியவர்களும் தனி விண்ணப்பம் செய்ய வேண்டும். குடிவரவு நிலையைக் காட்டிப் பாடசாலை இடத்தை மறுக்கக் கவுன்சிலுக்கோ பாடசாலைக்கோ அனுமதியில்லை. ரிசெப்ஷன் காத்திருப்புப் பட்டியலைக் குறைந்தது டிசெம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும் என்பதே விதி. அதற்குப் பின் பல இடங்களில் பெயரைத் தொடர்ந்து வைத்திருக்கப் புதிய படிவம் கேட்பார்கள்; கேட்டுக் கடிதம் வரும் என்று காத்திராமல், கிறிஸ்மஸ் விடுமுறைக்கு முன்பே கவுன்சிலுக்கு எழுதி அதைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.